ஓடாத வண்டியின் டயர்

என் மனைவியை மழை கொண்டுபோய்விட்டது என்றுதான் எங்கள் தெருவில் சொல்கிறார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே, இப்படி ஒரு மழையை யார் கண்டது என்று ஆரம்பிப்பார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு, டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவேன். மழையைக் குற்றம் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. அது திருப்பிப் பேசாது, கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நிற்காது. எனக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அவள் செத்தது ஒரு டயரால். மேலே கோடும் பள்ளமுமாக இருக்கும் பட்டன் கொஞ்சம்கூடத் தேயாத, பார்வைக்குப் புதுசு போல இருந்த டயர்.

அவள் பிறந்தது கூடங்குளத்தைத் தாண்டி ஒரு கடற்கரை ஊரில். நான் பாளையங்கோட்டைக்காரன், பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், புராட்டஸ்டண்டுகளின் வேதக்கோயிலில் வளர்ந்தவன். அவள் மாதா கோயில் பெண், கத்தோலிக்கக்காரி. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் கல்யாணத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சந்தோஷமாக வந்து பந்தியில் உட்கார்ந்தது அவளுடைய ஒரே தம்பிதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ, அவன் நரைத்த பிறகும் அவளுக்குப் பிள்ளையாகவே இருந்தான். மீன் கொண்டுவந்து போட்டுவிட்டு, அவள் வைத்த குழம்பையே தின்றுவிட்டு, மத்தியானம் எங்கள் கட்டிலில் குறட்டை விடுவான். அன்று எனக்குக் கட்டில் கிடையாது, ஈஸிசேர்தான்.

அவனிடம் மீன்பிடிக்க ஒரு சின்ன ஃபைபர் படகு, அவர்கள் பேச்சில் வள்ளம், உண்டு. அதை ஏற்றி இழுத்துப் போக ஒரு டிரைலரும் உண்டு. உடைசலுக்கு வந்த ஒரு பழைய வேனின் பின் அச்சை வாங்கி, பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்துச் செய்தது. இரண்டே சக்கரம். ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். வள்ளவண்டி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான். செய்த புதிதில் இரண்டு புது டயர் வாங்கிப் போட்டான். அதோடு சரி. வள்ளத்தின் அடி எங்கேயாவது பாறையில் இடித்துப் பிளந்தால், ஒட்டுப் போடுகிற இடத்துக்கு அதில் ஏற்றிக்கொண்டு போவான். வருடத்துக்கு ஒரு தடவை இருக்கும், சில வருடம் அதுவும் இருக்காது. மற்ற நாளெல்லாம் வண்டி அவன் வீட்டுக்குப் பின்னால் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிற்கும். அதன் அடியில் கோழிகள் படுத்திருக்கும்.

அந்தக் கரையில் திருவிழா வருகிறது என்றால் முதலில் பெயிண்ட் மணக்கும். கொடியேற்றத்துக்கு முன்னால் ஒவ்வொருவனும் தன் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டி, வெடிப்பு கண்ட இடத்தில் பட்டி வைத்து அடைத்து, மேலே வர்ணம் அடிப்பான். நல்ல வழக்கம்தான். வெடிப்பை அடைத்து வர்ணம் பூசினால் வள்ளம் இன்னும் ஒரு வருடம் கடலைத் தாங்கும். என் மச்சினன் சும்மா இருக்கிறவன் இல்லை. வள்ளத்துக்கு அடித்து மிச்சமான கையோடு வள்ளவண்டியின் சட்டத்துக்கு நீலம் அடிப்பான். சக்கரத்தின் இரும்புக்கு வெள்ளை அடிப்பான். கடைசியில் டயருக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடுவான். ரப்பரில் வெடிப்பு தெரிந்த இடத்தில் பெயிண்டைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்துப் பூசி மூடுவான். அப்புறம் கோயிலிலிருந்து பங்குச் சாமியார் வந்து வள்ளங்களுக்கெல்லாம் தண்ணீர் தெளித்து மந்திரிக்கும்போது, வண்டியையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். தண்ணீர் தெளிப்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் கிடையாது. நான் ஓரமாக நின்று சிரிப்பேன். அவள் என்னைப் பார்த்து முறைப்பாள்.

அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு நாங்கள் போன ஒரு திருவிழாவில்தான் அது நடந்தது. பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அவள் வண்டிப் பக்கத்தில் ஒரு கவிழ்ந்த கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். என்ன தோன்றியதோ, டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். பெயிண்ட் பொருக்குவிட்டு உதிர்ந்தது. உள்ளே வலை வலையாக வெடிப்பு. நகம் கொஞ்சமும் இறங்கவில்லை. கல்லில் குத்தின மாதிரி வழுக்கியது.

"ஏலே, இது செத்த ரப்பர்லா. ரெண்டையும் மாத்திருலே" என்றாள்.

அவன் குனிந்து, டயரின் மேல் பள்ளத்தில் விரலை விட்டுக் காட்டினான். "பட்டன் பூரா அப்படியே இருக்குக்கா. ஓடாத டயரு எப்படித் தேயும்?"

"தேயாதுலே. சாகும்."

அவளுக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது குக்கரின் ரப்பர் வளையம். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய குக்கர் ஒன்றை, நல்ல நாளுக்கு ஆகும் என்று பரணில் ஏற்றி வைத்திருந்தாள். பல வருடம் கழித்து எடுத்தபோது பாத்திரம் பளபளவென்று இருந்தது. வளையம் கையோடு ஒடிந்து வந்தது. ஒரு நாள்கூட அடுப்பைக் காணாத ரப்பர். அன்றிலிருந்து, எடுத்து வைத்தால் ரப்பர் செத்துப்போகும் என்பது அவளுக்கு வேதவாக்கு. தம்பியிடம் இந்தக் கதையையும் சொன்னாள். அவன் சிரித்தான். குக்கரும் வள்ளவண்டியும் ஒண்ணாக்கா என்று கேட்டுவிட்டு, உதிர்ந்த இடத்தில் இன்னொரு பூச்சு பூசினான்.

அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. டயரைப் பார் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் பார்ப்பது பட்டனைத்தான். அந்தக் கோடும் பள்ளமும் இருந்தால் நல்ல டயர், வழுக்கையாகிவிட்டால் மொட்டை டயர், அவ்வளவுதான் கணக்கு. கழற்றி எறிகிறவனும் பட்டனைப் பார்த்து எறிகிறான், பழைய டயர் வாங்குகிறவனும் பட்டனைப் பார்த்து வாங்குகிறான். ஆனாலும் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. அந்தக் கரைக்காரர்களுக்கு வலையைப் பற்றித் தெரியும். கடலில் இறக்காமல் மூட்டை கட்டிப் போட்ட வலை இற்றுப் போகும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அதே வீட்டில், சும்மா நிற்கிற டயர் மட்டும் சாகாவரம் வாங்கிக்கொண்டு வந்ததாக எப்படி நினைத்தார்கள்?

அவளுடைய சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வேலைநிறுத்தம் என்பது அவள் சொன்ன வார்த்தை. திங்களும் வியாழனும் பாளையங்கோட்டை மேட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்து வர வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும், மூச்சு முட்டும். குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு. ஒரு எவர்சில்வர் தம்ளரை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நாக்கை நனைத்துக்கொண்டிருப்பாள். கோடையில் அவளுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க எனக்குக் கூச்சமாக இருக்கும். சமையலறைக்குள் போய் நின்று குடிப்பேன். அவளுக்கு அது தெரியும். மடக் மடக்கென்று சத்தம் இங்க வரைக்கும் கேக்கு என்று கேலி செய்வாள்.

நாங்கள் இருப்பது கொக்கிரகுளத்தில், ஆற்றுக்குப் பக்கத்தில், பள்ளத்தில் இறங்கும் ஒரு தெரு. வாடகை வீடு. மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். மார்கழி பிறந்திருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பிடித்த மழை நிற்கவே இல்லை. சாயங்காலம் தெருமுனைக்கு ஆறு வந்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து எங்கள் இரண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிப் போனார். திங்கட்கிழமை எழுந்து பார்த்தபோது எங்கள் வீட்டு ஜன்னல்கள் தண்ணீருக்குள் இருந்தன. தெரு, சுவருக்குச் சுவர் சுழித்துக்கொண்டு ஓடியது. மேட்டில் இருக்கும் பெரிய ரோடு மாடியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே ஆட்கள் குடையோடு நிற்பதும் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். நடுவில் ஆள் மூழ்கும் தண்ணீர், அதில் ஒரு பீரோ போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவளுடைய முறை. இதைத்தான் நான் போனில் எல்லோரிடமும் சொன்னேன். எந்தெந்த எண்ணைக் கொடுத்தார்களோ அந்தந்த எண்ணிலெல்லாம் சொன்னேன். படகு வரும் என்றார்கள். வந்த படகுகள் எங்களைவிட மோசமாக மாட்டிக்கொண்டவர்களுக்குப் போயின. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆற்றுக்குக் கீழே ஊர் ஊராகக் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். போனை எடுத்த ஒரு கிழவர், மாடியில் பத்திரமாகத்தானே இருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். பத்திரமாக இருந்து சாகப் போகிறாள் என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

அதற்கு மேல்தான் மச்சினனைக் கூப்பிட்டேன். அவனிடம் வள்ளம் இருக்கிறது, வள்ளவண்டி இருக்கிறது. கரையிலிருந்து ஏற்கனவே பல வள்ளங்கள் லாரியில் ஏறி வெள்ளத்துக்கு வந்திருந்தன. லாரி எல்லாம் அப்படிப் போய்விட்டதால் அவன் ஜீப்பின் பின்னால் வண்டியை மாட்டிக்கொண்டு, கூட இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வள்ளியூர் வழியாக வருகிறேன், மத்தியானத்துக்குள் அங்கே இருப்பேன் என்றான். அவளிடம் சொன்னேன். அவளுக்கு முகமே மாறிவிட்டது. வீட்டுக்காரர் மனைவியிடம், என் தம்பி வாரான், வள்ளத்தோட வாரான் என்று மூன்று தடவை சொன்னாள். தலையை வாரிக்கொண்டாள். ஆஸ்பத்திரி ஃபைலை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர்கள் அன்பாக வாழைப்பழம் கொடுத்தார்கள். அது அவளுக்கு ஆகாது. எல்லோரும் பழம் தின்ன, அவள் பிஸ்கட்டை நனைக்காமல் கடித்தாள்.

மத்தியானம் போன் வந்தது.

"நாங்குநேரிக்குப் பக்கத்துல நிக்கோம் அத்தான். வண்டி டயர் வெடிச்சிட்டு."

மாற்று டயர் போட்டுக்கொண்டு வா என்றேன். எனக்கு என்ன தெரியும்? வள்ளவண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது. ஜீப்பின் சக்கரம் அதற்குச் சேராது. டயர் சும்மா காற்று இறங்கவில்லை, பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்து தொங்குகிறது. சக்கரத்தின் இரும்பு ரோட்டில் தேய்ந்து வளைந்துவிட்டது. வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மழைக்கு ஒரு கடை திறந்திருக்கவில்லை. அவன் ஆட்களை வள்ளத்துக்குக் காவல் வைத்துவிட்டு, ஜீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வள்ளியூருக்குத் திரும்பிப் போவதாகச் சொன்னான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும், "பதறாமப் பைய வரச் சொல்லுங்க. வேகமா ஓட்டி அவன் எங்கனயாவது விழுந்துரக் கூடாது" என்றாள்.

அப்போதே சொன்னேன்லா என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவளுக்கும் சேர்த்துக் கோபப்பட வேண்டியது என் பொறுப்பாகிவிட்டது. நான் வாயைத் திறந்து அவனைத் திட்ட ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். பேசுவதற்கு மூச்சு அப்போதே குறைந்திருந்தது.

அன்று அவன் பட்ட பாட்டை அப்புறம் கூட வந்தவர்கள் சொல்லிக் கேட்டேன். வள்ளியூரில் டயர்க் கடை டயர்க் கடையாகப் போய் ஷட்டரைத் தட்டியிருக்கிறான். ஒரு கடையில் பலகையில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் அடித்தால் போகவில்லை. அந்தக் கடையின் வாசலில் வெகுநேரம் நின்று கத்தியிருக்கிறான். கடைக்காரர் வீடு யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நின்ற பழைய வேனைக் கண்டுபிடித்து, சொந்தக்காரரின் காலில் விழாத குறையாகக் கேட்டு, ஒரு சக்கரத்தைக் கழற்றி வாங்கியிருக்கிறான். அதைக் கொண்டுவந்து மாட்டும்போது இருட்டிவிட்டது. அடுத்த பக்கத்து டயரும் அதே வயசு. அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று, மாட்டுவண்டி வேகத்தில் உருட்டியிருக்கிறான். வழியில் இரண்டு இடத்தில் ரோட்டுக்கு மேல் தண்ணீர். வடியும் வரை நிற்க வேண்டியதாகிவிட்டது.

அந்த இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றது. சுவரில் சாய்த்து உட்கார வைத்து, நான் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டேன். கால் இரண்டும் வீங்கி, விரல் வைத்தால் குழி விழுந்தது. நாலு பக்கமும் தண்ணீர், அவள் உடம்புக்குள்ளும் தண்ணீர், நாக்கு மட்டும் வறண்டு போயிருந்தது. நான் தம்ளரை நீட்டினேன். அளவு முடிஞ்சு போச்சே என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் வந்தான். பெரிய ரோட்டிலிருந்து வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கி, தெருவின் இழுப்பில் கம்பு ஊன்றி, எங்கள் மாடிப்படியில் கொண்டுவந்து முட்டினான். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர அவனுக்கு ஒரு பீடி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன். அக்காவைக் குழந்தை போல் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் அவனுடைய தாடையைப் பிடித்துப் பார்த்தாள், சாப்பிட்டியாலே என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே மிஷினில் போட்டார்கள். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. மருந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் பெண், ஃபைலைப் பார்த்துவிட்டு, நேத்தே கொண்டு வந்திருக்கலாமே ஐயா என்றாள். விஷயம் தெரியாமல் கேட்டது. ஆனால் என் பக்கத்தில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவனைப் பார்க்கவே இல்லை. மறுநாள் விடியுமுன் அவளுடைய இருதயம் நின்றுவிட்டது. திங்கட்கிழமையே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அப்படி இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டம் சேறாகக் கிடந்தது. பலகை போட்டு நடந்து போய் அடக்கம் செய்தோம். எங்கள் சபைப் போதகரான ஐயர் தேவ சித்தம் என்றார். கரையிலிருந்து வந்தவர்கள் ஆண்டவர் சித்தம் என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கோயிலும் ஒத்துப்போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் இருந்திருந்தால் இதைச் சொல்லி என் தொடையில் கிள்ளியிருப்பாள். மச்சினன் குழிக்கு அந்தப் பக்கம் நின்றான். நான் இந்தப் பக்கம் நின்றேன். மண் போட்ட பிறகு அவன் என்னிடம் வந்தான். நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

வெடித்த டயரை அவன் ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடின அவசரத்தில் அது எங்கள் தெருமுனையில் விழுந்து கிடந்தது. தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி முடித்த பிறகு, அதை நான் உருட்டிக்கொண்டு வந்து பின்பக்கம் போட்டேன். எனக்கு அதன்மேல் வெறி. ஒரு நாள் தேங்காய் நாரை வைத்து அதிலிருந்த பெயிண்டை எல்லாம் தேய்த்து எடுத்தேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு பூச்சு, தோல் தோலாக உரிந்து வந்தது. அடியில் ரப்பர் சாம்பல் பூத்து, மழை காணாத குளத்துத் தரை மாதிரி வெடித்திருந்தது. கிழிந்த இடத்தில் உள்ளே இருந்த நூல் தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண்கள் இருந்தன. என்னவென்று போனில் தேடிப் படித்தேன். முதல் இரண்டு எண் வாரம், பின் இரண்டு எண் வருடம். டயர் பிறந்த தேதி. அவளுக்கு உடம்பில் கோளாறு என்று யாரும் சொல்வதற்கு ரொம்ப வருடம் முந்தின தேதி அது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஓடாத டயர் எப்படிச் சாகும் என்று படித்துக்கொண்டே இருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் டயருக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசை, ஓட்டத்தில்தான் ரப்பர் முழுக்கப் பரவுமாம். நிறுத்திப் போட்டால் அது காய்ந்துவிடும். வெயில் ஒரு பக்கம் தின்னும். ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றால் தரையைத் தொடும் இடம் தட்டையாகிவிடும். காற்று தானாக இறங்கும். ஐந்தாறு வருடம் ஆனால், பட்டன் எப்படி இருந்தாலும் நம்பக் கூடாது. நகத்தால் அழுத்தினால் இறங்க வேண்டும். இவ்வளவையும் படித்து முடித்தபோது, அவள் ஒரு கூடைமேல் உட்கார்ந்து சொன்ன இரண்டு வார்த்தைக்கு மேல் எதுவும் எனக்குப் புதிதாகக் கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் தெருவில் நிற்கிற வண்டியைப் பார்த்தால் என் கண் சக்கரத்துக்குத்தான் போகிறது. டவுண் ரதவீதியில் ஒரு கல்யாணக் காரின் டயரை நகத்தால் அழுத்தப் போய், டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேலப்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில், மகன் துபாயிலிருந்து வந்தால் மட்டும் எடுக்கிற கார் ஒன்று துணி போர்த்தி நின்றது. அந்த வீட்டு வாப்பாவிடம் டயரை மாற்றச் சொன்னேன். பட்டன் அப்படியே இருக்கே என்றார். நான் துணியை இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டேன். எதைச் சொல்லியும் யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. சாப்பிடுவதும் தூங்குவதும்கூட அப்படித்தான் இருக்கிறது. காலையில் தம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்கிறேன், கூடத்தில் நின்றே குடிக்கிறேன்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் நான் மச்சினனோடு பேசவில்லை. அவன் போன் செய்தால் எடுக்கமாட்டேன். ஆனால் மனதுக்குள் அவனோடு பேசாத நாள் இல்லை. அக்கா சொன்னாள்லா, கேட்டியாலே? இந்த ஒரு கேள்வியை அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று கூர் தீட்டி வைத்திருந்தேன். கேட்டால் அவன் உடைந்துபோவான் என்பது எனக்குத் தெரியும். அவன் உடைவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வேறு எதற்காகவும் எனக்குக் காலையில் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஐப்பசியில், மழை பிடிப்பதற்கு முன்னால், ஒரு வெயில் நாளில் அவனே வந்தான். ஜீப்பின் பின்னால் வள்ளவண்டி. வள்ளம் இல்லை. வெற்று வண்டியை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வெளியே நின்றபடி என்னைக் கூப்பிட்டான். இரண்டு டயரும் மாற்றியாகிவிட்டது, நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றான். இனிமேல் மழை என்று ரேடியோவில் சொன்னாலே போதும், நீங்கள் கூப்பிடவே வேண்டாம், நான் வந்து நிற்பேன் என்றான். யாரைத் தூக்கிக்கொண்டு போக என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

"நகத்தை வச்சுப் பாருங்க அத்தான்" என்றான்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். நல்ல டயர்தான். பெயிண்ட் பூசவில்லை. நகம் இறங்கியது. பழக்கதோஷத்தில் கண் அந்த முட்டை வடிவக் கட்டத்தைத் தேடியது. எண்ணைப் படித்தேன். போன வருடக் கோடையில் செய்த டயர். மழைக்கு முந்தின கோடை.

எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். ஒரு வருடத்தில் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வள்ளியூர்லதான். அன்னைக்கு ஷட்டரைத் தட்டிக்கிட்டு நின்னேம்லா, அதே கடை. இந்த அளவு டயரை இப்ப யாரும் கேக்க மாட்டாங்களாம். ஒரு சோடிதான் ரொம்ப நாளாக் கிடக்குன்னு உள்ள இருந்து எடுத்துக் குடுத்தாரு. புத்தம் புதுசு அத்தான், பட்டனைப் பாருங்க."

அவனுக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்கு அவன் கத்திக்கொண்டு நின்றபோது, இந்த இரண்டு டயரும் அந்த ஷட்டருக்கு உள்ளே இருந்திருக்கின்றன. ஒரு தகரம்தான் நடுவில். நான் ஒரு வருடமாகத் தீட்டி வைத்திருந்த கேள்வியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும், அப்புறம் அவன் மனுஷனாக நடமாட மாட்டான். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கும்போது அவளும் இப்படித்தான் கண்ணை இடுக்குவாள்.

"நல்ல டயர் மாப்ளே" என்றேன்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அந்த எண்களைப் படிக்கத் தெரியாதவன்தான், ஆனாலும் எழுந்திருக்கும்போது அவன் கண் அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்று இருந்தது. நான் நகர்ந்து, அந்த எண்களின்மேல் முதுகைச் சாய்த்து, டயரை மறைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.